ஏர் பிரையரில் மொறுமொறு காய்கறிகள்

கம்ப்யூட்டர் இதழில் வெண்டைக்காய்க்கு என்ன வேலை என்று கேட்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக் கொள்ளவும். கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் வந்த பின்னர், பல வீடுகளில் ஆன்லைனில் ஆர்டர் செய்து வந்து இறங்கும் அடுத்த பெட்டி ஏர் பிரையராகத்தான் இருக்கிறது. அதனைப் பயன்படுத்தத் தெரியாமல் இரண்டே வாரத்தில் பரணில் ஏற்றியவர்களும் நிறைய இருக்கிறார்கள். நானும் ஏறக்குறைய ஏற்றிவிட்டேன். உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டிற்குள் காற்று எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்தால், இந்தச் சாதனம் ஏன் சில நேரம் நன்றாகவும் சில நேரம் சொதப்பலாகவும் வேலை செய்கிறது என்பது புரிந்துவிடும். எனவே இங்கு அதனைப் பார்க்கலாம்.

முதலில் என் கதை. என் அப்பாவுக்கு மாலை நான்கு மணிக்குக் காபியுடன் மொறுமொறுவென்று ஏதாவது இருந்தாக வேண்டும். வாழைக்காய் வறுவல், பஜ்ஜி, பக்கோடா எதுவானாலும் சரி. ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது, எண்ணெயில் பொரித்ததைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே ஒரு ஏர் பிரையருக்கு ஆர்டர் கொடுத்தேன். முதல் வாரம் அதிலிருந்து வந்தவை: ரப்பர் போல இழுபட்ட காலிபிளவர், ஓரம் கருகி நடுவில் வேகாத உருளைக்கிழங்கு, கூடையின் ஓட்டைகளில் ஒழுகி ஒட்டிக்கொண்ட பஜ்ஜி மாவு. அப்பா குறை ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றவர், மாலை நடைப்பயிற்சியின் தூரத்தை மட்டும் தெருமுனை பஜ்ஜிக் கடை வரை நீட்டிக் கொண்டார்.

வீட்டு வாணலியை விட எனக்கு அந்தக் கடை வாணலிதான் அதிகக் கவலை தந்தது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் "போலார் காம்பௌண்ட்ஸ்" எனப்படும் சிதைவுப் பொருட்கள் சேர்ந்துகொண்டே போகும். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மாலை நேரக் கூட்டத்தில் யார் அளந்து பார்ப்பது? ஆகவே, வீட்டிலேயே மொறுமொறுப்பாகச் செய்து காட்டுவது ஒன்றுதான் வழி என்று ஆயிற்று.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெயரில் பிரையர் என்று இருந்தாலும் இது எதையும் பொரிப்பதில்லை. இது விசிறி வைத்த ஒரு சிறிய அவன், அவ்வளவுதான். இந்த எண்ணம் புதிதும் அல்ல. 1945ல் அமெரிக்காவில் வில்லியம் மாக்ஸன் என்பவர், விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்குவதற்காக, உள்ளே விசிறி சுழலும் அவன் ஒன்றை உருவாக்கினார். இன்று நாம் காணும் வடிவத்திற்கு நெதர்லாந்துப் பொறியாளர் பிரெட் வான் டெர் வெய் காரணம். 2010ல் பெர்லினில் நடந்த ஐஎஃப்ஏ கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் "ஏர்பிரையர்" என்ற பெயரில் இதனை அறிமுகப்படுத்தியது. பின்னர் எல்லா நிறுவனங்களும் இதே வகைச் சாதனத்தைத் தயாரிக்கத் தொடங்கின.

மேல்பகுதியில் ஒரு சூடேற்றும் காயில். அதற்கு மேல் ஒரு விசிறி. கீழே ஓட்டைகள் உள்ள கூடை. விசிறி சூடான காற்றை வேகமாகச் சுழற்றிக் கூடைக்குள் செலுத்துகிறது. வெப்பத்தை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. டிஜிட்டல் மாடல்களில் இது பெரும்பாலும் "தெர்மிஸ்டர்" என்ற சிறு பாகம். சூடு ஏற ஏற இதன் மின் தடை குறையும். லேப்டாப் பேட்டரியின் சூட்டைக் கண்காணிப்பதும் இதே வகைப் பாகம்தான். இதனை ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலர் சிப் படித்து, நீங்கள் செட் செய்த அளவை எட்டியவுடன் காயிலை நிறுத்தும். சூடு குறைந்தால் மீண்டும் இயக்கும்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டை நினைத்துப் பாருங்கள். ப்ராசசர் மேல் ஹீட் சிங்க் என்று மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு பாகமும் அதன் மேல் ஒரு விசிறியும் இருக்கும். தகடுகள் மெல்லியதாக, ஒன்றிற்கொன்று இடைவெளி விட்டு இருப்பதால் காற்று படும் பரப்பு அதிகமாகிறது. வெப்பம் சீக்கிரம் காற்றுக்கு மாறுகிறது. ஏர் பிரையரில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது. இங்கு வெப்பம் காற்றிலிருந்து காய்க்குப் போக வேண்டும். எனவே காய் மெல்லியதாக நறுக்கப்பட்டு, இடைவெளி விட்டுப் பரப்பப்பட வேண்டும். கேபினட்டிற்குள் கேபிள்களையும் தூசியையும் அடைத்துவிட்டால் என்ன ஆகுமோ, கூடை நிறையக் காயை அடைத்தாலும் அதுதான் ஆகும். காற்று போக வழி இருக்காது.

எதிரி தண்ணீர்தான்

என் முதல் வாரத் தோல்விகள் எல்லாவற்றிற்கும் காரணம் ஒன்றே. நான் எண்ணெயைக் குறைப்பதைப் பற்றியே நினைத்துக் கொண்டிருந்தேன். மொறுமொறுப்பு என்பது தண்ணீர் போன பிறகு மிஞ்சுவது என்பதை மறந்துவிட்டேன்.

வெண்டைக்காயில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். காலிபிளவரில் 92, உருளைக்கிழங்கில் 80 சதவீதம் அளவு. கால் கிலோ வெண்டைக்காயைப் பிரையரில் வைக்கிறீர்கள் என்றால், 225 கிராம் தண்ணீரை வைக்கிறீர்கள் என்று பொருள். அதில் 180 கிராமாவது ஆவியாகிப் போனால்தான் காய் மொறுமொறுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 1500 வாட்ஸ் சாதனம் தன் வெப்பம் முழுவதையும் காய்க்கே கொடுத்தால் இதற்கு ஐந்து நிமிடத்திற்குச் சற்று அதிகமாக ஆகும். ஆனால் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. பின்புறத் துவாரம் வழியாகவும் வெப்பம் வெளியேறுகிறது. அதனால்தான் நடைமுறையில் 14, 15 நிமிடங்கள் ஆகின்றன.

அரை கிலோ வைத்தால் தண்ணீர் இரு மடங்கு. அது மட்டுமல்ல, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் காய்களுக்கு இடையில் ஆவி சிக்கிக் கொள்ளும். அப்போது நடப்பது இட்லிப் பானை வேலை. எனக்கு வந்த ரப்பர் காலிபிளவர் இப்படி அவிந்ததுதான். சாதனத்தின் மீது பழி போட்டுக் கொண்டிருந்தேன்.

கொதிக்கும் எண்ணெயில் இந்தப் பிரச்னை இல்லை. எண்ணெய் காயைச் சுற்றி எல்லாப் பக்கமும் தொட்டுக்கொண்டு வெப்பத்தை மிக வேகமாகக் கொடுக்கும். வாணலியில் பொங்கும் குமிழ்கள் எல்லாம் காயிலிருந்து வெளியேறும் நீராவிதான். குமிழ் அடங்கினால் எடுத்துவிடலாம் என்று அம்மா சொல்வது இதனால்தான். பஜ்ஜி மாவு எண்ணெயில் விழுந்த நொடியே இறுகுவதும் இதனால்தான். காற்றில் அந்த வேகம் கிடையாது. மாவு இறுகுவதற்கு முன்னால் ஒழுகிவிடும். எனவே, தண்ணீராகக் கரைத்த மாவில் தோய்த்த எதனையும் ஏர் பிரையரில் வைக்க வேண்டாம். இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் கூடையைச் சுரண்டிய அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

வெண்டைக்காயில் தொடங்குங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் வெண்டைக்காயில் ஆரம்பிப்பது நல்லது. கால் கிலோ இளம் காய்களை முழுதாகவே கழுவி, பருத்தித் துணியில் துடைத்து, விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் உலர விடவும். நறுக்கிய பின்னர் கழுவினால் வழவழப்பு வெளியே வந்து எல்லாம் கெட்டுவிடும். நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொள்ளவும். ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு துண்டிலும் படும்படி கையால் பிசறவும். பின்னர் கடலை மாவு இரண்டு டீஸ்பூன், அரிசி மாவு ஒரு டீஸ்பூன், மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், சிறிது பெருங்காயம் ஆகியவற்றை உலர்ந்த பொடியாகவே தூவிக் குலுக்கவும். தண்ணீர் தெளிக்கக் கூடாது. உப்பும் இப்போது வேண்டாம். உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்து, மாவை நனைத்துவிடும்.

சாதனத்தை 180 டிகிரி செல்சியஸில் மூன்று நிமிடம் காலியாக ஓட விட்டுச் சூடாக்கவும். பின்னர் காயை ஒரே அடுக்காகப் பரப்பி 14 நிமிடம் செட் செய்திடவும். ஆறாவது நிமிடத்திலும் பத்தாவது நிமிடத்திலும் கூடையை வெளியே இழுத்து நன்றாகக் குலுக்கவும். கூடையை இழுத்தவுடன் சூடேற்றுவது தானாக நின்றுவிடும். மீண்டும் தள்ளினால் பெரும்பாலான மாடல்களில் விட்ட இடத்திலிருந்து தொடரும். எடுத்தவுடன், சூடாக இருக்கும்போதே உப்பைத் தூவவும். இரண்டு நிமிடம் ஆறிய பிறகுதான் முழு மொறுமொறுப்பு வரும். சூட்டோடு ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு, இன்னும் ஆகவில்லை என்று மேலும் ஐந்து நிமிடம் வைத்துக் கருக்கியவன் நான்.

இந்த எண்ணெய்க் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய் ஏறத்தாழ 7 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி வீதம் 63 கலோரி. இது நால்வர் கொறிக்கும் தட்டுக்கு. வாணலியில் எவ்வளவு எண்ணெய் காய்க்குள் போகிறது என்று அறிய ஆசைப்பட்டால், பொரிப்பதற்கு முன்னும் ஆறிய பின்னும் எண்ணெயைத் தராசில் வைத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வைப்பது எப்படியும் நல்லது. எண்ணெயே இல்லாமல் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் மாவு ஒட்டாது, மசாலா உலர்ந்து கசக்கும். அந்த ஒன்றரை டீஸ்பூனில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மற்ற காய்கள்

காலிபிளவருக்குச் சிறு பூக்களாகப் பிரித்து, மஞ்சள் கலந்த வெந்நீரில் போட்டு எடுத்த பின்னர் ஈரம் முழுவதும் போக வேண்டும். அரை மணி நேரம் துணியில் பரப்பி வைக்கவும். இதே மாவுக் கலவையுடன் 190 டிகிரியில் 15 நிமிடம். பாகற்காய்க்குச் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். மெல்லிய வட்டங்களாக நறுக்கி, உப்புப் பிசறி இருபது நிமிடம் வைத்து, வரும் கசப்பு நீரைப் பிழிந்து எடுத்துவிடவும். இங்கு மட்டும் உப்பு முன்னாலேயே வரலாம், ஏனெனில் அந்தத் தண்ணீரைத்தான் நாம் பிழிந்துவிடுகிறோமே. பின்னர் எண்ணெய் பிசறி 165 டிகிரியில் 18 நிமிடம். வாழைக்காயும் இதே அளவுதான். வட்டங்கள் ஒரே பருமனில் இருப்பது முக்கியம். கத்தியை விட வாழைக்காய் சீவும் கட்டை நல்லது. பீட்ரூட்டில் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும். 150 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

உருளைக்கிழங்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விரல் போல நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, வெள்ளையாக இறங்கும் மாவுச் சத்தைக் கொட்டிவிட்டு, நன்கு துடைத்துப் பயன்படுத்தவும். ஒன்றோடொன்று ஒட்டாது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாவுச் சத்து உள்ள பொருட்களை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது "அக்ரிலமைட்" என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்பதை 2002ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இதனை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் 1994லேயே வைத்திருந்தது. எண்ணெய் இல்லை என்பதால் ஏர் பிரையரில் இது உருவாகாது என்று எண்ண வேண்டாம். சூடுதான் காரணம், எண்ணெய் அல்ல. ஊற வைத்தால் குறையும். பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், பழுப்பு நிறம் வரை விடக் கூடாது.

கீரை சிப்ஸ் செய்ய ஆசைப்படுபவர்கள் கவனிக்கவும். இலைகள் லேசானவை. விசிறி அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் காயிலில் ஒட்டிவிடும், புகையும். மேலே ஒரு சிறு கம்பி வலையை வைத்து அழுத்திவிட வேண்டும். கூடைக்குள் பேப்பர் விரிக்கும் பழக்கம் உள்ளவர்கள், காலியாகச் சூடாக்கும்போது அந்தப் பேப்பரை வைக்கவே கூடாது. பறந்து காயிலில் பட்டால் தீப்பிடிக்கும்.

கம்ப்யூட்டர் பிளக் பக்கம் போகாதீர்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சமையலறையில் மிக்ஸியும் கிரைண்டரும் பிளக்குகளைப் பிடித்துக் கொண்டிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏர் பிரையரைக் கம்ப்யூட்டர் மேஜைக்கு அருகில் வைத்து, கன்வர்ஷன் பிளக் ஒன்றைப் போட்டு, கம்ப்யூட்டருக்கான ஸ்பைக் பஸ்டரிலேயே செருகினேன். 1500 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். நாம் பேச்சு வழக்கில் 5 ஆம்ப்ஸ் என்று சொல்லும் சிறிய பிளக்கின் தாங்கும் திறன் 6 ஆம்பியர். ஏற்கெனவே கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர் எல்லாம் அதில். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஒரு பிளக் பாயிண்ட் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து, இரண்டு மணி நேரமாக டைப் செய்து சேவ் செய்யாமல் வைத்திருந்த கட்டுரை போய்விட்டது. தவறு முழுக்க என்னுடையது.

எனவே ஏர் பிரையரை, 15 ஆம்ப்ஸ் என்று சொல்கிறோமே, அந்தப் பெரிய பவர் பிளக்கில் நேரடியாக மட்டும் செருகவும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். கம்ப்யூட்டர் யு.பி.எஸ். பக்கமே போக வேண்டாம். வீடுகளில் உள்ள 600 விஏ யு.பி.எஸ். 360 வாட்ஸ் அளவே தாங்கும். பின்புறம் சூடான காற்று வெளியேறும் துவாரத்திற்கும் சுவருக்கும் இடையில் அரை அடியாவது விடவும். மின் கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 15 நிமிடம் முழு வேகத்தில் ஓடினாலும் 0.375 யூனிட்தான். 150 வாட்ஸ் எடுக்கும் ஒரு டெஸ்க்டாப் இரண்டரை மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு.

இணையச் சமையல் குறிப்புகளில் 375, 400 என்று டெம்பரேச்சர் கொடுத்திருந்தால் அவை பாரன்ஹீட் அளவுகள். 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் செல்சியஸ் கிடைத்திடும். 375 என்பது சுமார் 190, 400 என்பது 204. விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து இடது மேல் மூலையில் உள்ள மெனுவைக் கிளிக் செய்தால், மாற்றிகள் பட்டியலில் டெம்பரேச்சர் இருக்கும். அங்கும் பார்த்துக் கொள்ளலாம். அப்படியே எக்ஸெல்லில் ஒரு ஒர்க்‌ஷீட் தொடங்கி, காய், எடை, டெம்பரேச்சர், நிமிடம், எப்படி வந்தது என்று ஐந்து நெடுவரிசைகளில் குறித்து வரவும். மேலே நான் தந்துள்ள அளவுகள் என் சாதனத்தில் சரியாக வந்தவை. உங்கள் மாடலில் பத்து டிகிரி முன்பின் ஆகலாம். நான்கைந்து முறை குறித்துவிட்டால் உங்கள் வீட்டுக் கணக்கு வந்துவிடும். எக்ஸெல் பழகவும் இது நல்ல பயிற்சி.

வை-பை வசதி உள்ள மாடலுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். கூடையை எப்படியும் கையால்தான் குலுக்க வேண்டும். 2024ல் பிரிட்டனின் "விச்" என்ற நுகர்வோர் அமைப்பு ஆய்வு செய்த மூன்று ஏர் பிரையர்களின் அப்ளிகேஷன்களும், காரணம் எதுவும் கூறாமல், போனில் ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டன. வாங்கிவிட்டீர்கள் என்றால், போன் செட்டிங்ஸ் சென்று அந்த அப்ளிகேஷனுக்கான மைக்ரோபோன், லொகேஷன் அனுமதிகளை நீக்கிவிடவும். காய் வெந்துகொண்டுதான் இருக்கும்.

கூடையை ஆறிய பின்னர் வெந்நீரிலும் மென்மையான ஸ்பாஞ்சிலும் கழுவவும். கம்பி நார் பட்டால் நான்-ஸ்டிக் பூச்சு போய்விடும். மாதம் ஒரு முறை பிளக்கை எடுத்துவிட்டு, சாதனத்தைச் சாய்த்து, மேலே உள்ள காயிலை ஈரத் துணியால் துடைக்கவும். கேபினட் விசிறியில் தூசி சேர்வது போல அங்கு எண்ணெய்ப் பிசுக்கு சேரும். புகை வாடை வந்தால் அதுதான் காரணம்.

அப்பாவின் மாலைத் தட்டில் இப்போது திங்கள் வெண்டைக்காய், புதன் பாகற்காய், வெள்ளி வாழைக்காய். உப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்கிறார். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்ற கணக்கைக் காட்டிச் சமாளிக்கிறோம். பஜ்ஜி மாதத்தில் ஒரு நாள், புது எண்ணெயில், வாணலியில்தான். அதற்கு ஏர் பிரையர் சரிப்படாது.